செய்தியின் வேகத்துக்குப் பெயர் தந்த விவசாயி மகன்

துணியை மீட்டரால் அளக்கிறோம். அரிசியைக் கிலோவில் நிறுக்கிறோம். மின்சாரத்தை வோல்ட் என்றும் வாட் என்றும் சொல்கிறோம். வோல்ட் என்ற பெயர் இத்தாலி நாட்டு விஞ்ஞானி வோல்டாவிடம் இருந்து வந்தது. வாட் என்பது நீராவி எந்திரத்தைத் திருத்தி அமைத்த ஜேம்ஸ் வாட்டின் பெயர்.

செய்தி ஓடும் வேகத்துக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. அதன் பெயர் பாட். ஒரு வினாடியில் கம்பி வழியே எத்தனை துடிப்புகள் போகின்றன என்பதை அது சொல்லும். அதுவும் ஒரு மனிதரின் பெயரில் இருந்து வந்ததுதான்.

அவர் பெரிய பட்டதாரி அல்ல. பேராசிரியரும் அல்ல. ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்துக் கொண்ட விவசாயி மகன். தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். பெயர் எமில் போடோ. பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயரின் கடைசி எழுத்தை உச்சரிப்பது இல்லை. அதனால் மனிதர் போடோ ஆனார். அவர் பெயரால் வந்த அளவு பாட் ஆனது.

இன்று நம் வீடுகளில் ஓடும் இணைய இணைப்பின் வேகத்தைச் சரியாகக் கணக்குப் பார்க்க வேண்டுமானால், அந்தத் தந்தி ஊழியரின் கதையைத் தெரிந்து கொள்வது நல்லது.

வயலில் இருந்து தந்தி ஆபீசுக்கு

பிரான்சு நாட்டின் வடகிழக்கில் ஓட் மார்ன் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே மாஞே என்பது ஒரு சிறு கிராமம். 1845-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி அந்தக் கிராமத்தில் எமில் போடோ பிறந்தார். தந்தைக்கு விவசாயம் தொழில். ஆரம்பப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகனும் தந்தையோடு வயலில் இறங்கினார்.

1869-ம் ஆண்டு, 24-வது வயதில், அவர் வாழ்க்கை திரும்பியது. பிரெஞ்சு அரசாங்கத்தின் தந்தி இலாகாவில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். முதலில் மோர்ஸ் முறையைக் கற்றார். பிறகு ஹியூஸ் என்பவர் கண்டுபிடித்த அச்சடிக்கும் தந்தி எந்திரத்தில் பயிற்சி பெற்றார்.

அடுத்த ஆண்டே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. போடோ ராணுவத்தில் பணி செய்தார். போர் முடிந்து, 1872-ம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் மீண்டும் தந்தி வேலைக்கு வந்தார். அங்கேதான் அந்தக் கேள்வி அவர் மனதில் விழுந்தது.

சும்மா கிடந்த கம்பி

மோர்ஸ் முறை என்றால் புள்ளியும் கோடும். நம் தமிழ் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்திருப்பீர்கள். மோர்ஸ் முறையிலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. புள்ளிக்கு ஒரு மாத்திரை. கோட்டுக்கு மூன்று மாத்திரை. இடையில் விடும் இடைவெளிக்கும் கணக்கு உண்டு.

ஆங்கிலத்தில் ஈ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. ஒரு மாத்திரையில் முடிந்துவிடும். கியூ என்ற எழுத்துக்கோ 13 மாத்திரை பிடிக்கும். அதாவது, ஓர் எழுத்து ஓடிவரும். இன்னோர் எழுத்து நொண்டிவரும். ஆகவே எந்திரத்தை வைத்து இந்த எழுத்துகளைப் பிரித்து அச்சடிப்பது கடினமாக இருந்தது.

ஹியூஸ் எந்திரத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. பியானோ வாத்தியத்தில் இருப்பது போன்ற கட்டைகளை அழுத்தினால் மறு ஊரில் எழுத்தாகவே அச்சாகும். ஆனால் அதற்கும் ஒரு குறை இருந்தது. ஒரு கம்பி முழுவதையும் ஓர் எந்திரமே பிடித்துக் கொள்ளும். மனிதக் கை எவ்வளவு விரைவாக ஓடினாலும் மின்சாரத்துக்கு ஈடாகுமா? ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே கம்பி சும்மா கிடந்தது.

ஒரு கம்பி போடுவது என்றால் லேசான காரியமா? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பம் நட வேண்டும். கம்பி இழுக்க வேண்டும். காவல் வைக்க வேண்டும். அவ்வளவு செலவு செய்து போட்ட கம்பி பாதி நேரம் தூங்குகிறதே என்று போடோ யோசித்தார்.

ஓய்வு நேரத்தில் இதை ஆராயலாம் என்று இலாகா சொல்லியது. அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. பகலெல்லாம் ஆபீஸ் வேலை. மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. போதாக்குறைக்கு உடல் நலமும் சரியில்லை. தந்தி வேலையில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே பிடித்த நோய் அவரைக் கடைசி வரை விடவில்லை. அடிக்கடி விடுப்பு எடுக்க வேண்டி வந்தது. ஆனாலும் அவர் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை.

முறை வைத்துப் பாய்ந்த மின்சாரம்

நம் ஊர்களில் ஒரே வாய்க்காலை நம்பிப் பல வயல்கள் இருக்கும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். இவர் வயலுக்கு இவ்வளவு நேரம், அடுத்தவர் வயலுக்கு அவ்வளவு நேரம். வாய்க்கால் ஒன்றுதான். எல்லா வயலும் நனையும்.

போடோ செய்ததும் அதுவே. ஒரே கம்பியை நான்கு ஊழியர்களுக்கு முறை வைத்துக் கொடுத்தார். கம்பியைப் பங்கிடும் யோசனை மேயர் என்ற இன்னொரு தந்தி அதிகாரிக்கும் முன்பே இருந்தது. போடோ அதை அச்சடிக்கும் தந்தியோடு இணைத்தார்.

அவர் செய்த எந்திரத்தின் நடுவில் ஒரு வட்டத் தட்டு இருந்தது. தட்டின் மேல் செம்புத் துண்டுகள் பதித்திருந்தன. அவற்றின் மேல் ஒரு பிரஷ் கடிகார முள் போலச் சுற்றி வந்தது. முதல் கால் வட்டத்தில் பிரஷ் வரும்போது கம்பி முதல் ஊழியருக்குச் சொந்தம். அடுத்த கால் வட்டத்தில் இரண்டாம் ஊழியருக்குச் சொந்தம். இப்படியே நான்கு பேருக்கும் முறை வரும். மறு ஊரிலும் அதே போன்ற தட்டு, அதே வேகத்தில் சுற்றும் பிரஷ். இங்கே முதல் ஊழியர் அனுப்பியது, அங்கே முதல் எந்திரத்தில் போய்ச் சேரும். ஒருவர் செய்தி மற்றவர் செய்தியோடு கலக்காது.

ஆனால் முறை வைக்க வேண்டும் என்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் சம நேரம் வேண்டும். ஈ என்ற எழுத்துக்கு 1, கியூ என்ற எழுத்துக்கு 13 என்று இருந்தால் முறை எப்படி நிற்கும்? ஆகவே போடோ மோர்ஸ் முறையையே விட்டுவிட்டார்.

எல்லா எழுத்துக்கும் சரியாக ஐந்து துடிப்பு என்று வைத்தார். அதற்கு மேலும் இல்லை, அதற்குக் கீழும் இல்லை. ஒவ்வொரு துடிப்பும் இரண்டில் ஒரு வகை. நாம் அதை உண்டு, இல்லை என்று வைத்துக் கொள்ளலாம். ஒரு துடிப்பில் 2 வகை. இரண்டு துடிப்பில் 4. மூன்றில் 8. நான்கில் 16. ஐந்தில் 32. ரோமன் எழுத்துகள் 26-தான். ஆகவே 32 தாராளமாகப் போதும். எண்களுக்கு என்ன வழி? எழுத்தில் இருந்து எண்ணுக்கு மாறுகிறேன் என்று அறிவிக்க ஒரு தனிக் குறி வைத்தார். அதன் பிறகு அதே 32 குறிகள் எண்களாகவும் அடையாளங்களாகவும் அச்சாகும்.

ஐந்து துடிப்பு என்ற எண்ணம் அவருக்கு முன்பும் சில அறிஞர்களுக்குத் தோன்றியது உண்டு. அதை ஓடும் எந்திரமாக்கி, நாட்டுக்கு நாடு உழைக்க வைத்தவர் போடோ. 1874-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந்தேதி அவர் காப்புரிமை பெற்றார்.

ஐந்து கட்டை, இரண்டு கை

ஊழியர் முன்னால் ஐந்தே ஐந்து கட்டைகள். ஒரு கைக்கு இரண்டு. மறு கைக்கு மூன்று. எந்த எழுத்துக்கு எந்தக் கட்டை என்று மனப்பாடமாக இருக்க வேண்டும். அதோடு தாளமும் தவறக் கூடாது. அவர் முறை வரும்போது எந்திரம் ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அடுத்த எழுத்தை அழுத்த வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. மிருதங்கக்காரர் போல் தாளக்கட்டில் நிற்க வேண்டும்.

பிரஷ் ஒரு நிமிடத்தில் 180 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஊழியருக்கு ஓர் எழுத்து. இப்போது ஒரு கணக்குப் போடலாம்.

நிமிடத்துக்கு 180 எழுத்து என்றால் வினாடிக்கு 3 எழுத்து. ஓர் எழுத்துக்கு 5 துடிப்பு. ஆகவே ஒருவரிடமிருந்து வினாடிக்கு 15 துடிப்பு. நான்கு பேருக்கும் சேர்த்து 60.

இவ்வளவு சுலபமாக இந்தக் கணக்கு வருகிறதே, ஏன்? எல்லா எழுத்தும் சமமாக இருப்பதால்தான். மோர்ஸ் முறையில் வினாடிக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால், எந்த எழுத்து என்று திருப்பிக் கேட்க வேண்டும். போடோ முறையில் அந்தக் கேள்வியே எழாது. எழுத்து எதுவானாலும் ஐந்துதான். செய்தியின் வேகத்தை எண்ணிச் சொல்ல முடியும் என்ற நிலை அன்று பிறந்தது.

விற்றுப்போன தங்கப் பதக்கம்

1877-ம் ஆண்டு பாரிஸ் நகரத்துக்கும் போர்டோ நகரத்துக்கும் நடுவே சோதனை நடந்தது. வெற்றி! அதே ஆண்டின் முடிவில் பாரிசில் இருந்து ரோமாபுரிக்கு, சுமார் 1,700 கிலோமீட்டர் தூரத்துக்கு, போடோ எந்திரம் செய்தி அனுப்பியது.

1878-ம் ஆண்டு பாரிசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே போடோவின் எந்திரத்தைக் கண்டு ஜனங்கள் வியந்தார்கள். அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

பதக்கம் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக்கு இலாகா கொடுத்த உதவி மிகக் குறைவு. பல செலவுகளைத் தம் கைப்பணத்தில்தான் செய்தார். கடைசியில் கையில் எதுவும் இல்லை. 1880-ம் ஆண்டு, அந்தத் தங்கப் பதக்கத்தையே விற்றுவிட்டார்!

அதே ஆண்டு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. 1882-ம் ஆண்டு இன்ஸ்பெக்டர் என்ஜினீயர் ஆனார். ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு நின்ற ஒருவர் என்ஜினீயர் பதவிக்கு வந்தது சாதாரண விஷயம் அல்ல.

வழக்கும் கொலையும்

புகழ் வந்ததும் வழக்கும் வந்தது. தந்தி இலாகாவில் முன்பு வேலை பார்த்த மிமோ என்பவர், ஐந்து துடிப்பு முறை தமக்கே சொந்தம் என்று கோர்ட்டுக்குப் போனார். முதலில் தீர்ப்பு மிமோவுக்குச் சாதகமாக வந்தது. பிறகு அந்தத் தீர்ப்பு ரத்தானது. செலவுத் தொகையை மிமோவே கட்டும்படி ஆனது.

மிமோவின் மனம் உடைந்தது. தமக்குப் பணமும் விருதும் வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார். அதை விசாரித்தவர்கள் மறுத்துவிட்டார்கள். விசாரணைக்குத் தலைமை வகித்தவர் தந்தி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ரேனோ என்ற அதிகாரி. 1888-ம் ஆண்டு மிமோ அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்! கொலைக்குத் தண்டனையும் பெற்றார்.

ஓர் எந்திரம். அதற்குச் சொந்தம் கொண்டாடி ஒருவர் கொலைகாரர் ஆனார். அந்தத் தகராறில் சம்பந்தமே இல்லாத ஒரு நல்ல அதிகாரி உயிரை விட்டார்.

மூன்று மாதத்து இல்வாழ்க்கை

போடோவுக்கு நெடுநாள் கல்யாணம் ஆகவில்லை. 1890-ம் ஆண்டு ஜனவரி மாதம், 44-வது வயதில், மரி என்ற பெண்ணை மணந்தார். அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஏப்ரல் மாதம் மனைவி காலமானார். மூன்று மாதம் கூட முழுமையாக வாழவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் போடோ மீண்டும் எந்திரத்தின் முன்னால் நின்றார். பாரிஸ், வான், லோரியான் ஆகிய மூன்று ஊர்களை ஒரே கம்பியில் இணைத்துக் காட்டினார். 1894-ம் ஆண்டு பாரிஸ் பங்குச் சந்தையும் இத்தாலியின் மிலான் பங்குச் சந்தையும் அவர் முறையில் பேசிக் கொண்டன. 1897-ம் ஆண்டு லண்டனுக்கும் அவர் எந்திரம் செய்தி கொண்டு போனது.

ஓட்டை போட்ட காகிதம்

அந்த 1897-ம் ஆண்டு இன்னொரு மாறுதலும் வந்தது. ஊழியர்கள் தாளம் தவறாமல் கட்டை அழுத்துவது பெரும் பாடாக இருந்தது அல்லவா? அதற்கு ஒரு வழி பிறந்தது. செய்தியை முன்கூட்டியே ஒரு நீளமான காகித நாடாவில் ஓட்டைகளாகப் போட்டு வைத்தார்கள். ஓட்டை இருந்தால் உண்டு. ஓட்டை இல்லாவிட்டால் இல்லை. அந்த நாடாவை எந்திரம் தானே படித்துத் தாளத்தோடு அனுப்பியது.

இது பெரிய மாறுதல். அதுவரை போடோவின் குறி கம்பியில் ஓடி மறைந்தது. இப்போது காகிதத்தில் தங்கியது. சுருட்டி வைக்கலாம். நாளைக்கு அனுப்பலாம். நூறு தடவை அனுப்பலாம். செய்தியை அனுப்புவதும் செய்தியைச் சேமிப்பதும் ஒரே குறியில் நடந்தன.

பின்னாளில் கம்ப்யூட்டர் வந்தபோது, அதன் வாயில் முதன்முதலில் ஊட்டப்பட்ட உணவுகளில் இந்த ஓட்டை நாடாவும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில், 1944-ம் ஆண்டு, இங்கிலாந்தில் எதிரிகளின் ரகசியச் செய்திகளை உடைக்க கொலோசஸ் என்ற எந்திரம் வேலை செய்தது. அது ஐந்து ஓட்டை நாடாவை வினாடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் படித்தது. போடோவின் ஊழியர் வேகம் வினாடிக்கு 3 எழுத்து!

போடோ அதைப் பார்க்கவில்லை. 1903-ம் ஆண்டு மார்ச் 28-ந்தேதி, பாரிஸ் அருகில் உள்ள சோ என்ற ஊரில், 57-வது வயதில் காலமானார்.

பெயர் நிலைத்தது

அவர் முறையை நியூசிலாந்துக்காரரான டொனால்ட் மரே திருத்தி, டைப்ரைட்டர் போன்ற கட்டைகளோடு இணைத்தார். அதில் இருந்து டெலிபிரிண்டர் வளர்ந்தது. டெலக்ஸ் வளர்ந்தது. இந்தியாவிலும் பத்திரிகை ஆபீசுகளில் இரவு பகலாக டெலிபிரிண்டர்கள் தடதடத்த காலம் உண்டு. உலகச் செய்தி எல்லாம் அந்தச் சத்தத்தோடுதான் வந்து இறங்கியது.

1920-களின் பிற்பகுதியில், தந்தி வேகத்துக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்று பல நாட்டு நிபுணர்கள் கருதினார்கள். அந்த அளவுக்குப் போடோவின் பெயரை வைத்தார்கள். வினாடிக்கு ஒரு துடிப்பு என்றால் 1 பாட்.

1949-ம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் போடோவின் படம் போட்டுத் தபால் தலை வெளியிட்டது.

படி எது, மரக்கால் எது?

போடோவுக்குப் பிறகு வேறு அளவுகளும் வந்தன. 1948-ம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஷானன் எழுதிய கட்டுரையில் பிட் என்ற சொல் அச்சேறியது. உண்டு அல்லது இல்லை என்ற ஒரே ஒரு விடைதான் பிட். 1956-ம் ஆண்டு பைட் என்ற சொல் பிறந்தது. இன்று 8 பிட் சேர்ந்தது 1 பைட்.

நம் பழைய கணக்கில் எட்டுப் படி ஒரு மரக்கால். பிட்டைப் படி என்று வைத்துக் கொள்ளுங்கள். பைட் மரக்கால். 100 படி நெல் என்று ஒருவர் சொன்னதை 100 மரக்கால் என்று எண்ணிக் கொண்டால் என்ன ஆகும்? குதிரில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும்.

இணைய இணைப்பில் பலர் ஏமாறுவது இங்கேதான். விளம்பரத்தில் 100 மெகாபிட் என்று இருக்கும். அது வினாடிக்கு 100 மெகாபிட் வேகம். படி கணக்கு. நாம் இறக்கும் சினிமாப் படத்தின் அளவோ 1 ஜிகாபைட், அதாவது 1,000 மெகாபைட். அது மரக்கால் கணக்கு. 1,000-ஐ 100-ஆல் வகுத்து 10 வினாடியில் வந்துவிடும் என்று நினைத்தால் தவறு. 100 மெகாபிட்டை முதலில் 8-ஆல் வகுக்க வேண்டும். 12.5 மெகாபைட் கிடைக்கும். 1,000-ஐ 12.5-ஆல் வகுத்தால் 80 வினாடி. கம்பெனிக்காரர் பொய் சொல்லவில்லை. நாம்தான் படியை மரக்கால் என்று படித்துவிட்டோம்.

பாட் என்பதிலும் இப்படி ஒரு குழப்பம் நடந்தது. போடோவின் காலத்தில் ஒரு துடிப்பில் ஒரு பிட் போனது. ஆகவே பாட் என்றாலும் பிட் என்றாலும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தது. பிறகு மோடம் வந்தது. ஒரே துடிப்பில் இரண்டு பிட்டை ஏற்றி அனுப்பும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். 600 பாட் வேகத்தில் 1,200 பிட் போனது. வண்டி எண்ணிக்கை வேறு, வண்டியில் ஏறிய மூட்டை எண்ணிக்கை வேறு. பாட் என்பது வண்டி. பிட் என்பது மூட்டை. அந்த மோடத்தை 1,200 பாட் என்று பலர் சொன்னது தவறு.

இன்னொரு விஷயமும் உண்டு. மூட்டை எல்லாம் நெல் அல்ல. கட்டும் கயிற்றுக்கும் இடம் போகும். டெலக்ஸ் வேகம் 50 பாட். ஓர் எழுத்துக்கு 5 துடிப்பு என்றால் வினாடிக்கு 10 எழுத்து வர வேண்டும் அல்லவா? வராது. எழுத்து தொடங்குகிறது என்று சொல்ல 1 துடிப்பு, முடிந்தது என்று சொல்ல 1½ துடிப்பு நேரம். ஆக மொத்தம் 7½. 50-ஐ 7½-ஆல் வகுத்தால் வினாடிக்கு 6⅔ எழுத்து. நிமிடத்துக்கு 400 எழுத்து. பிறகு வந்த 8 ஓட்டை நாடா எந்திரத்துக்கு வேகம் 110 பாட். அதில் ஓர் எழுத்துக்கு 11 துடிப்பு. ஆகவே வினாடிக்கு 10 எழுத்து.

பிளாப்பி, சிடி, நாடா

பழைய பெட்டியில் பிளாப்பி தட்டு ஏதாவது கிடக்கிறதா? அதன் மேல் 1.44 மெகாபைட் என்று போட்டிருக்கும். அந்த எண்ணும் சற்று விசித்திரமானது. கம்ப்யூட்டர்காரர்கள் சேமிப்பை எண்ணும்போது 1,000-க்குப் பதிலாக 1,024 என்று எண்ணும் வழக்கம் உண்டு. பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 1,024 வரும் என்பதே காரணம். பிளாப்பியில் இருப்பது 1,440 தடவை 1,024 பைட். அதாவது 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் பார்த்தால் 1.47 மெகாபைட். 1,024 கணக்கில் பார்த்தால் 1.41. தட்டில் போட்டிருக்கும் 1.44 இரண்டு கணக்கையும் கலந்து வந்தது! ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே கதைதான். அனுப்பும் வேகத்தைச் சொல்லும்போது மட்டும் எப்போதும் ஆயிரக் கணக்குத்தான்.

இந்த ஒரு பிளாப்பியை 8 ஓட்டைக் காகித நாடாவில் ஏற்றினால்? ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து. நாடாவின் நீளம் சுமார் 3¾ கிலோமீட்டர். அதை வினாடிக்கு 10 எழுத்து வேகத்தில் படித்து முடிக்க 41 மணி நேரம் ஆகும். 100 மெகாபிட் இணைப்பில் அதே செய்தி வந்து சேர ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு கூட வேண்டாம்.

சிடி தட்டில் ஒற்றை வேகம் என்பது வினாடிக்கு 1,53,600 பைட். 8-ஆல் பெருக்கினால் 12,28,800 பிட். போடோவின் ஊழியர் ஒருவர் வினாடிக்கு 15 பிட் அனுப்பினார். வகுத்துப் பாருங்கள். 81,920 ஊழியர்கள் ஒரே நேரத்தில், தாளம் தவறாமல், ஐந்து கட்டைகளையும் அழுத்தினால்தான் ஒரு சிடி தட்டின் ஒற்றை வேகத்துக்கு ஈடாகும்!

மனதில் வைக்க நாலு கேள்வி

எந்த வேகத்தைப் பார்த்தாலும் நாலு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள்.

முதலாவது, எண்ணுவது துடிப்பா, பிட்டா? துடிப்பு என்றால், ஒரு துடிப்பில் எத்தனை பிட் என்று பார்த்துப் பெருக்க வேண்டும்.

இரண்டாவது, பிட்டா, பைட்டா? பிட்டைப் பைட் ஆக்க 8-ஆல் வகுக்க வேண்டும். பைட்டைப் பிட் ஆக்க 8-ஆல் பெருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆயிரக் கணக்கா, 1,024 கணக்கா?

நான்காவது, எல்லாம் செய்திதானா, அல்லது தொடக்கம் முடிவு என்று சொல்லும் துடிப்புகளும் அதில் சேர்ந்திருக்கின்றனவா?

இந்த நாலுக்கும் விடை தெரிந்தால் போதும். போடோவின் காகித நாடா முதல் இன்றைய இணைய இணைப்பு வரை எதையும் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பள்ளிப் பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

எமில் போடோ படித்ததும் அந்த ஆரம்பப் பள்ளிக் கணக்குத்தான். இந்தியாவில் 2013-ம் ஆண்டு ஜூலை மாதம் பொது மக்களுக்கான தந்தி சேவை நின்றுபோனது. டெலக்ஸ் எந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஒரே கம்பியைப் பலருக்கும் முறை வைத்துக் கொடுக்கும் யோசனை மட்டும் இன்றைய டெலிபோன் வலைகளிலும் வேலை செய்து கொண்டிருக்கிறது. எழுத்துக்கு எழுத்து சம அளவு என்று மாஞே கிராமத்து விவசாயி மகன் பழக்கிக் காட்டிய அந்தக் குறிகளின் வழியில்தான் பிட்டும் பைட்டும் வந்தன. தங்கப் பதக்கத்தை அவர் விற்றுவிட்டார். அவர் பெயரோ ஓர் அளவாக நின்றுவிட்டது.